இரண்டு பேர் தூக்கும் மூடி

அன்பு மகனுக்கு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். இப்போதோ வராந்தாப் பாயில் ஒரு காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வாயோரத்தில் கருப்பட்டி ஒட்டியிருக்க, உறங்கிக்கொண்டிருக்கிறாய். நீ விழிப்பதற்குள் நான் எழுத வேண்டும். விழித்துவிட்டால் பேனாவும் உனக்கு வேண்டும், மைக்கூடும் உனக்கு வேண்டும். போன மாதமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, புறப்படுகிற நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். வரும் வாரம் நாம் ஆலந்தலைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போகிறோம். உனக்குத் தம்பியோ தங்கச்சியோ அங்கேதான் பிறக்க வேண்டும். உன்னைப் பெற்றபோது நான் பட்ட பாட்டைப் பற்றி உன் அப்பா இன்றுவரை வாய் திறப்பதில்லை. இந்த முறை கால் வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். காலைப் பார்த்தபோது சிரிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து நான் திரும்பி வந்துவிட்டால், இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுத்து, உன் அம்மா எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியாக இருந்திருக்கிறாள் பார் என்று சிரிப்பேன். வராவிட்டால் உன் அப்பா கொடுப்பார், இந்த வீட்டை நீ பொறுப்பெடுத்துக்கொள்ளும் நாளில்.

மகனுக்கு எழுதும் தாய் ஜெபத்தைப் பற்றியும் நல்ல பழக்கங்களைப் பற்றியும் எழுதுவாள் என்று எதிர்பார்ப்பாய். பாளையங்கோட்டையில் கல்லூரி வரை படித்தவள், இன்னும் பெரிதாக ஏதாவது சொல்வாள் என்றுகூட நினைப்பாய். நான் நம் புறவாசல் கிணற்றின் மூடியைப் பற்றி எழுதப் போகிறேன். நீ பெரியவனாகும்போது நம் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் வந்திருக்கலாம். அப்போது அந்த மூடி உனக்குப் பெரிய தொந்தரவாகத் தெரியும். கறுத்துப்போன தோணிப் பலகை, இரண்டு பக்கமும் கயிற்று வளையம், ஒரு ஆளால் அசைக்க முடியாத கனம். இதை எந்தப் பைத்தியம் வைத்தது என்று கேட்பாய். நான்தான் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரிந்துகொண்டு, பிறகு நீ என்ன செய்ய வேண்டுமோ செய்.

நம் ஊரில் தண்ணீருக்குள்ள மரியாதை வேறு எதற்கும் கிடையாது. கடற்கரைப் பக்கத்தில் எந்த வீட்டில் தோண்டினாலும் உப்புத்தான். தெருக்குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நேரம் கொஞ்சம், குடங்கள் அதிகம். உலகச் சண்டைக்காலம் என்பதால் அதற்கும் ஆயிரம் கட்டுப்பாடு: குழாய்த் தண்ணீரில் குளிக்கக்கூடாது, செடிக்கு ஊற்றக்கூடாது, முற்றத்தில் தெளிக்கக்கூடாது. அப்படிப்பட்ட ஊரில் நம் புறவாசல் கிணறு மட்டும் இனிக்கும். உன் தாத்தா தோண்டியது. அன்றிலிருந்து புறவாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நினைத்த நேரத்துக்கு வருவார்கள், பனையோலைப் பட்டையைக் கிணற்றில் விட்டு இரண்டு குடம் நிரப்பிக்கொண்டு போவார்கள். சிந்துகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக மூலையில் நிற்கும் பூவரசுக்குப் போகும். வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் வெரோணிக்கா அக்கா. அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். கடலிலிருந்து வந்ததும் நம் கிணற்றுத் தண்ணீரில் உடம்பை அலசினால்தான் இடுப்பில் கயிறு உரசிய இடம் புண்ணாகாமல் இருக்கும். இடப்பக்கம் பொன்னுக்கனி அக்கா. அவர்களுக்குத் தெருமுனையில் காப்பிக் கடை. நம் தண்ணீரில் போட்ட காப்பிக்காகத் துறைமுகத்திலிருந்து ஆட்கள் நடந்து வருவார்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நம் வீடு இருந்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் விறகுக் கட்டுக்குள் முட்டையிட்ட ஒரு கோழி யாருடையது என்பதில் தொடங்கிய சண்டையில், இருவருக்கும் பேச்சு வார்த்தையே நின்றுபோயிருந்தது.

போன மழைக்குப் பிறகு ஊரில் காய்ச்சல் வந்தது. குளிரும் நடுக்கமும். அடுத்த தெருவில் உன் வயதுப் பெண் குழந்தை ஒன்று போய்விட்டது. அந்தச் சின்னப் பெட்டி மாதா கோவிலுக்குப் போனபோது உன்னைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பிறகுதான் முனிசிபாலிட்டியில் தண்டோரா போட்டார்கள். முற்றத்தில் தொட்டி, சிரட்டை, உரல்குழி எதிலும் தண்ணீர் தேங்கக்கூடாது. கிணற்றின்மேல் சாயும் கிளைகளை வெட்ட வேண்டும். திறந்த கிணறு எல்லாவற்றுக்கும் கொசு நுழையாத மூடி போட வேண்டும். குடிக்க உதவாத கிணற்றை மண்போட்டுத் தூர்க்க வேண்டும். தெருவில் எல்லோரும் திட்டினார்கள். நான் திட்டவில்லை. எனக்கு அந்தச் சட்டம் பிடித்தது, மகனே. எனக்குக் கொசு மட்டும் காரணமில்லை. அதற்கு முந்தின வாரம் நீ துவைக்கிற கல்லில் ஏறி, கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்தி, உள்ளே தெரிந்த இன்னொரு பையனைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாய். உன் கால் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. நான் சத்தம் போட்டால் நீ துள்ளுவாய் என்று பயந்து, சத்தமில்லாமல் நடந்து வந்து உன்னைப் பிடித்த அந்தச் சில அடிகளை இன்னும் கனவில் நடக்கிறேன்.

ஆகவே தெருவிலேயே முதல் மூடி நம் வீட்டில்தான். உன் அப்பா சரக்கு அடுக்கும் பழைய கிட்டங்கிக் கூரையிலிருந்து ஒரு தகரத்தை வாங்கி வந்தார். மரச்சட்டம் அடித்து, கீல் வைத்து, பூட்டும் போட்டாயிற்று. பூட்டு போடச் சொன்னது சட்டமல்ல, நான். தகரத்தை நீ தூக்கிவிடுவாய் என்ற பயம். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். காலையில் பூசை மணிக்குப் பிறகு ஒரு நேரம், மாலையில் விளக்கு வைப்பதற்கு முன் ஒரு நேரம், இரண்டு வேளை திறப்பேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ என் கண்முன்னால் இருப்பாய், கிணறும் என் கண்முன்னால் இருக்கும். ஒழுங்காக இருக்கிறது என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

"ஏளா படிச்சவளே, கிணத்துக்கும் பள்ளிக்கூடம் கணக்கா மணியடிக்கியா?" என்றாள் வெரோணிக்கா அக்கா, முதல் நாளே. "எங்க வீட்டு மனுசன் கடல்ல இருந்து மத்தியானம் வாராரு. அவர் ஒடம்பு ஒன் மணிக்குக் காத்துக் கெடக்குமா?"

"பிள்ளைக்குப் பயந்துதாங்க்கா" என்றேன்.

"எல்லாத்துக்கும்தான் பிள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்து இறந்துபோனது எனக்குத் தெரியும். ஆனாலும் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

சில நாளில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பு ஒருத்தி விடியலில் வருவாள், ஒருத்தி மீன் ஏலம் முடிந்து வருவாள், ஒருத்தி பிள்ளைகளைத் தூங்கப் பண்ணிவிட்டு வருவாள். இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். மூடிவிடுவேனோ என்ற அவசரத்தில் இரண்டு குடத்துக்குப் பதில் நாலு குடம். ஓலைப்பட்டையை விட்டுவிட்டு இரும்பு வாளி. கயிறு ஓடும் சகடை ஓயாமல் கத்தியது. பிறகு ஒருநாள் காலையில் பொன்னுக்கனி அக்கா ஒரு தம்ளர் காப்பியோடு வந்து நின்றாள்.

"தங்கச்சி, இதக் குடிச்சுப் பாரு."

குடித்தேன். கரித்தது.

"சீனி குறைவா இருக்குன்னு வாரவன் எல்லாம் சொல்லுதான். நானும் போட்டுப் போட்டுப் பாக்கேன். கடைசில பாத்தா சீனியில்ல, உப்பு! ரேசன்ல வாங்குத சீனிய ஒங்க உப்புக் கிணத்துலயா கொட்ட?"

"எங்க கிணறு உப்பில்லக்கா."

"அப்ப என் நாக்குதான் உப்பு, விடு" என்று சொல்லித் தம்ளரைத் திண்டில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் மூடியைத் திறந்ததும் முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்தேன். இனிப்பு. பெண்கள் இறைக்க இறைக்கப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வாளியிலும் ருசி பார்த்தேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஜாடை பேசினார்கள். வரிசை பாதி போவதற்குள் நாக்கில் கரிப்பு தட்டியது. கடைசியில் வந்தவளுக்குக் கிடைத்தது கடல். அப்போதுதான் விளங்கிற்று. கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர், பாலின்மேல் ஆடை மாதிரி, உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிசாகப் படர்ந்திருக்கிறது. மெதுவாக மேலாக எடுத்தால் திரும்பவும் ஊறிவிடும். அவசரப்பட்டு அள்ளினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். நாள் முழுக்கச் சிதறி வந்த பெண்களுக்கு நான் நேரம் குறித்துக் கொடுத்து, கடலைக் கிணற்றுக்குள் இழுத்துவிட்டேன்.

அன்றைக்கென்று சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். கெட்ட மனிதரில்லை, மகனே. சின்ன வயது, வெயிலில் அலைந்து கறுத்துப்போன முகம். காய்ச்சல் வந்த வீடுகளுக்கெல்லாம் அவர்தான் போய் வந்துகொண்டிருந்தார். மூடியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினார்.

"என்னம்மா, உப்பால்ல இருக்கு. குடிக்க ஒதவாத கிணறுன்னா தூத்துறணும்மா. சட்டம் அது."

"இது நல்ல கிணறு சார். இப்பத்தான் இப்படி..."

"எல்லாரும் அததான் சொல்லுதாங்க. மாசம் பொறந்ததும் வாரேன். அப்பவும் இப்படி இருந்துச்சுன்னா மண்ணு வண்டி வந்துரும். என்னச் சொல்லிக் குத்தமில்ல, பாத்துக்கிடுங்க."

வெரோணிக்கா அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அவரு இடுப்புல புண்ணு வச்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன செய்வது? பூட்டை எடுத்தால் பெண்கள் பழையபடி சிதறி வருவார்கள், தண்ணீர் தேறும். ஆனால் பூட்டில்லாத தகரத்தை நீ தூக்கிவிடுவாய். ஒருத்தி மூட மறந்தாலும் போதும், கொசு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எனக்கு எவ்வளவு வேண்டியவனோ அவ்வளவு அந்தக் கிணறு மற்றவர்களுக்கு வேண்டியது என்பது தெரிந்துவிட்ட பிறகு, உன்னைக் காரணம் காட்டி அதைப் பூட்டி வைப்பதற்கும் மனம் வரவில்லை.

உன் அப்பா வேலை பார்க்கும் தோணி ஆபீசுக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள், கடற்கரையில் ஒரு பழைய தோணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொழும்புக்கு ஓடி ஓடி உளுத்துப்போன தோணி. அதன் சரக்கறையை மூடியிருந்த பலகையைக் கரையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஆள் அதன் பக்கத்தில் வந்தான். குனிந்து பார்க்கக்கூட இல்லை, தனியாக முயலவும் இல்லை. வந்ததும், "ஏலே அந்தோணி, இங்கன வா" என்று குரல் கொடுத்தான். இன்னொருவன் வந்தான். ஆளுக்கொரு பக்கம் வளையத்தைப் பிடித்தார்கள், எழும்பியது. நான் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"அந்தப் பலகை எனக்கு வேணும்" என்றேன் உன் அப்பாவிடம்.

"ஏளா, அதத் தூக்க ரெண்டு ஆளு வேணுமே. கிணத்துல கொண்டு வச்சா நீ எப்படித் தனியாத் தெறப்ப?"

"தெறக்கவே மாட்டேன். யாரும் தனியாத் தெறக்கக்கூடாதுன்னுதானே கேக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே, தோணிப் பலகையின் இடுக்கை அடைப்பதுபோல் அதன் விளிம்பைச் சுற்றித் தென்னங்கயிறு பதிக்க ஆள் ஏற்பாடு செய்தார். கொசு என்ன, காற்றுகூட நுழையாது. அதை நம் வீட்டில் கொண்டுவந்து இறக்கிய அன்று பூட்டைக் கழற்றினேன். சாவி இடுப்பை விட்டுப் போனதும், வீட்டில் எதையோ திறந்துபோட்டு வந்த மாதிரி நாள் முழுக்க ஒரு தவிப்பு. இப்போதும் சில நேரம் கை தானாக இடுப்பைத் தடவுகிறது.

முதல் நாள் கூத்தை நீயும் பார்த்தாய், நினைவிருக்காது. வெரோணிக்கா அக்கா குடத்தோடு வந்து மூடியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கத்திலிருந்து பொன்னுக்கனி அக்கா வந்தாள். எனக்கு வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது, நான் தூக்கக்கூடாது. அடுப்பு வேலையை விட்டுவிட்டுக் குசினி வாசலில் உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடங்கள் இரண்டும் நடுவில் உட்கார்ந்திருந்தன. கடைசியில் பொன்னுக்கனி அக்கா மூடியைப் பார்த்துப் பேசினாள்.

"ஒருத்தி அந்தப் பக்கம் பிடிச்சா ஒருத்தி இந்தப் பக்கம் பிடிப்பா. நான் யாருகிட்டயும் பேசல. மூடிகிட்ட சொல்லுதேன்."

வெரோணிக்கா அக்காவும் மூடியிடமே பதில் சொன்னாள்: "மூடியே, அவள மெள்ளத் தூக்கச் சொல்லு. போன தடவ எங்கோழியத் தூக்குன மாதிரி வெடுக்குன்னு தூக்கிறாம."

"யாரு கோழி? எங்கோழி!"

"தூக்குளா மொதல்ல!"

தூக்கினார்கள். அந்தக் கோழி யாருடையது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் சண்டை இப்போது நேருக்கு நேராக நடக்கிறது, தினமும், கயிற்றைப் பிடித்துக்கொண்டே. மற்றப் பெண்களும் அவரவருக்கு ஒரு கூட்டாளி பார்த்துக்கொண்டார்கள். இரும்பு வாளி போய் ஓலைப்பட்டை வந்தது. தேறும்வரைக்கும் ஆளுக்கு ஒரு குடம் போதும் என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள், நான் சொல்லவில்லை. நான் தினமும் காலையில் ஒரு கை குடித்துப் பார்ப்பேன். முதலில் கரிப்பு, பிறகு சப்பென்று, பிறகு ஒருநாள் பழைய இனிப்பு. அன்றைக்குப் பொன்னுக்கனி அக்கா ஒரு செம்பு நிறையக் காப்பி கொண்டுவந்தாள். சீனி அளவாக இருந்தது.

மாதம் பிறந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"பூட்டு எங்கம்மா?"

"பூட்டில்ல சார். மூடி இறுக்கமா இருக்கான்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

அவர் ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். காலை ஊன்றி இழுத்ததில் தொப்பி கீழே விழுந்தது.

"இது மூடியா, கப்பலா?"

"சாரு இன்னும் சாப்பிடலியோ?" என்றாள் வெரோணிக்கா அக்கா, சுவருக்கு மேலே தலையை நீட்டி.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அக்கா, ஒரு கை பிடிங்க" என்றார். அவள் வந்து மறுபக்கம் பிடித்தாள். அவர் எட்டிப் பார்த்தார். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. பூவரசுக் கிளையை வெட்டிவிட்டதால் தண்ணீரில் வானம் மட்டும் கிடந்தது. ஓலைப்பட்டையில் மொண்டு குடித்தார். இன்னொரு தடவையும் குடித்தார். "கொசுவுக்கு மூடி போடணும்னுதான் சட்டத்துல இருக்கு, பூட்டுன்னு இல்ல" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். போகும்போது, வெரோணிக்கா அக்காவின் புருஷனுக்கு இடுப்புப் புண்ணுக்கு மருந்து வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

மகனே, சட்டங்கள் உன் காலத்திலும் வரும். மரத்தை வெட்டு என்பார்கள், தண்ணீரை அள்ளாதே என்பார்கள். எடுத்ததும் கோபப்படாதே. பெரும்பாலும் எங்கோ ஒரு வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டி புறப்பட்டுப் போன பிறகுதான் சட்டம் வருகிறது. ஆனால் அது கேட்பதற்கு மேல் உன் பயம் எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பார். பூட்டு என் பயம் கேட்டது. நான் அதை மனசுக்குள் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆலந்தலைக்குப் போனால் கிணறு என்னாகும் என்பதைவிட, நான் திரும்பாவிட்டால் நீ என்னாவாய் என்பதுதான் இப்போது பகலெல்லாம் அரிக்கிறது. நீ சாப்பிட மாட்டாய், ஓடிக்கொண்டே இருப்பாய், உன் அப்பா ஆபீஸ் வேலையாகத் தோணியோடு கொழும்புக்குப் போய்விடுவார். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த அரிப்பில்தான். ஆனால் நேற்று ஒன்று நடந்தது, அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நான் குசினியில் இருந்தேன். நீ துவைக்கிற கல்லில் ஏறி, கயிற்று வளையத்தைப் பிடித்து மூடியை இழுத்துக்கொண்டிருந்தாய். முகம் சிவந்துபோயிற்று. அது அசையவில்லை. கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தாய். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, உன் சக்தியெல்லாம் கூட்டி, "ஏளா வெரோணி! ஏளா கனி! வாங்கடி, தூக்கணும்!" என்று கத்தினாய்.

இரண்டு சுவர்களுக்கு மேலும் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் எழும்பின. "எவம்லே அது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

உனக்கு நான் சொல்லித்தர நினைத்ததை நான் சொல்லும் முன்பே நீ கற்றுக்கொண்டுவிட்டாய். நீ விழித்துக்கொண்டாய், பேனாவுக்குக் கை நீட்டுகிறாய். இந்தா.

உன் அம்மா